மனைவியின் குதிரைக்காரன்

"கோட்டைக்கு அப்புறம் போலாங்க. குதிரைக்காரனுக்குப் பசிக்கும், முதல்ல அவன் சாப்பிடட்டும்" என்றாள் மனைவி.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவருக்குச் சுருக்கென்றது. மேசைமேல் விரித்த வரைபடத்தில் அரக்கனின் கோட்டை பக்கத்திலேயே இருந்தது. அவளோ பல வாரமாக அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கதை சொல்லி ஆடும் ஆட்டம் அது. அவர் கதை சொல்வார். ஆடுகிறவர்கள் வீரர்களாகி, என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள். ஜெயமா தோல்வியா என்று பகடை சொல்லும். நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது மனைவி மட்டும்தான். அவளும் எழுந்து போய்விட்டால் பகடையைப் பரணில் போடவேண்டியதுதான். ஒற்றை ஆளாகக் கோட்டைக்குள் போனால் பிழைக்க மாட்டாளே என்று துணைக்கு ஒரு குதிரைக்காரனைச் சேர்த்தார். அவனுக்கும் தானே குரல் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. வாரமெல்லாம் ஊரார் வசவை வாங்கிக் கட்டிக்கொள்பவள், ஞாயிறு மதியம் வாளைக் கீழே வைத்துவிட்டுக் குதிரைக்காரனிடம் பேச உட்கார்ந்துவிடுவாள்.

"நேத்து ஒருத்தர் என் மூஞ்சில டிக்கெட்டை விட்டெறிஞ்சாருப்பா."

"ஐயோ, மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்! அப்புறம் என்ன ஆச்சு தலைவி?" என்றான் குதிரைக்காரன். அதாவது, அவர்.

"பாருங்க, எவ்வளவு பதமா கேக்கறான்!" என்று அவரிடமே சொன்னாள்.

தன் வாயால் பேசியவனை நினைத்தே அவருக்கு வயிறு எரிந்தது. நல்ல கூத்துதான் போங்கள்!

குதிரைக்காரனுக்குக் கடும் காய்ச்சல் வரவைத்தார். அவள் மூலிகை தேடி மலையேறினாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மதியம் முழுக்க அதிலேயே போயிற்று.

அடுத்த ஞாயிறு அவனைத் துரோகியாக்கினார். "அரக்கன்கிட்ட உன்னைக் காட்டிக்கொடுத்ததே இவன்தான்!"

"பாவம், என்ன கஷ்டமோ. மன்னிச்சுட்டேன்."

"அதெப்படி மன்னிப்பே? நான் பால் வாங்க மறந்ததுக்கு ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசலியே!"

"நீங்க வருத்தப்பட்டு ஒரு வார்த்தை சொன்னீங்களா? அவன் கால்லயே விழுந்துட்டானே!"

விழவைத்தவரும் அவர்தான்.

பொறுமை போய்விட்டது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அம்பை விட்டார். பகடையைக்கூட உருட்டவில்லை. "குதிரைக்காரன் செத்துட்டான். இனிமேலாவது கோட்டைக்குக் கிளம்பு."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இந்தாம்மா, வெறும் கதைதானே?" என்று கதவைத் தட்டினார். கதவு திறக்கவே இல்லை. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஆட்டம் போனால் போகட்டும், இவள் பேசினால் போதும் என்றிருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது மாமியாரிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை, என்ன நடக்குது அங்க? அவ போன்ல விக்கி விக்கி அழறா!"

"ஒண்ணுமில்ல அத்தை. ஆட்டத்துல ஒருத்தன் செத்துட்டான்."

"அந்தக் குதிரைக்காரனா? ஐயையோ! 'கல்யாணமான புதுசுல அவர் எப்படி இருந்தாரோ, அச்சு அசல் அப்படியே இருக்கான்மா'ன்னு வாராவாரம் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாளே! மாப்பிள்ளை, எந்தப் பாவி அவனைக் கொன்னது?"