பதினோராவது வெடி

இணுவிலில் புகையிலைத் தோட்டத்து வேலை முடிந்து, வடக்கே கடற்கரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பொழுது பட்டுவிட்டது. வழியில் சுண்ணாம்புக்கல் உடைத்துக் கைவிட்ட ஆழமான கிடங்கு ஒன்று. அதன் கரையில் கூரை கழற்றிய பன்னிரண்டு வேலையாள் வீடுகள். கடைசி வீட்டுக்குள் புகுந்து பீடி பற்ற வைத்தேன்.

"யாரடா அது? பீடியை நூரடா!"

அணைத்தேன். அப்படித்தான் வெடியண்ணையைச் சந்தித்தேன். ஆளே இல்லாத ஊரில் ஆடுகளுக்குச் சிவப்புக் கொடி காட்டிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பாறைக்கு வெடிமருந்து வைத்து வைத்து ஒரு காது முழுதாகப் போய், மற்றது பாதி போயிருந்தது. அவர் இரகசியம் சொன்னால் கீரிமலைக்குக் கேட்கும்.

பாணும் சம்பலும் தந்தார்.

"எல்லாரும் போயிட்டினம். நீங்கள் ஏன் அண்ணை இருக்கிறியள்?" என்று கத்தினேன்.

"கடைசி நாள் பதினொரு குழிக்கு மருந்து வைச்சனான் தம்பி. பத்து வெடிதான் கேட்டது. வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரனிட்டைச் சொன்னன். செவிடன் எண்ணின கணக்கு எண்டு சிரிச்சுப்போட்டு லொறியிலை ஏறிட்டான்."

"உங்கடை காதும் சரியில்லைத்தானே?"

"காதை விடு. வெடியைக் காலாலையல்லோ கேக்கிறது!"

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அந்தக் கிடங்குக்குள் இறங்குவார்களாம். தண்ணீர் ஊற்றி மருந்தைக் கழுவி எடுக்கலாம். ஆனால் பாதையில் ஒருவர் கொடி பிடிக்காமல் குழியைத் தொடக்கூடாது என்பது வெடி வைக்கிறவர்களுடைய வேலைச் சட்டம். மூன்று வருடமாக அந்த ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார். வந்தவர்கள் கதையைக் கேட்டதும் இருட்டோடு நடையைக் கட்டினார்கள். எனக்குக் காலில் கொப்புளம்; படுத்துவிட்டேன்.

வெடி வைக்கும் நாட்களில் முதலில் வீடு வீடாகத் தட்ட வேண்டும். 'ஓம்' என்று பதில் வராமல் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. விடிந்ததும் வெடியண்ணை தட்டத் தொடங்கினார். கதவுகளும் லொறியில் போய்விட்டதால் நிலைகளைத் தட்டினார்.

"வெடி! வெளியிலை வாங்கோ!"

பதிலையும் அவரே சொன்னார், நாலாம் வீட்டில் பெண் குரலில். பன்னிரண்டாம் வீட்டில் நான் கிடந்தேன்.

"ஓம் அண்ணை, வாறன்!" என்று பலமாகக் கத்தினேன்.

நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொடி பிடிப்பியோ?"

கூலி, பாணும் தேத்தண்ணியும். வாளியோடு அவர் கிடங்குக்குள் இறங்கினார். ஆடு வருகிறதா, ஆள் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். நான் கொடியைப் பிடித்தபடி, கீழே குழியின்மேல் குனிந்திருந்த அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.