பத்து நாற்பதுக்குச் சரிபார்த்த இணைப்பு

"வெள்ளிக்கிழமை, காலை 10.40. இணைப்புகள் சரிபார்க்கப்பட்டன."

என் ஆய்வுக் குறிப்பேட்டில், என் கையெழுத்தில், அடிக்கோடு வேறு போட்டு இப்படி இருக்கிறது. கிழமை சரி. நேரமும் சரி. சரியாக இருப்பவை அவ்வளவுதான்.

நாள், மணி குறிக்காமல் தலைவலி மாத்திரைகூடப் போடாதவள் நான். அப்போது கோவையில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக ஆறாவது வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். (களைப்பு நான்காவது வருடமே வந்துவிட்டது. பட்டம்தான் வரவில்லை.) இன்னொரு வருடம் நீட்டிப்பு தருவதா, பதிவை ரத்து செய்வதா என்று முடிவெடுக்க ஈரோட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவர் கண்முன்னே சோதனையைச் செய்து காட்ட வேண்டும்.

சோதனை இதுதான். தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த அமிலத்தை மெத்தனாலில் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவது. நேர்முனையில் இருக்கும் பிளாட்டினத் தகடு அமிலத்திடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கும். கார்பன் டை ஆக்சைடு குமிழியாகப் போய்விடும். மிச்சமிருக்கும் துண்டில் ஒரு எலெக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். ராடிக்கல் என்பது அதுதான். அதற்குப் பொறுமையே கிடையாது. பக்கத்தில் தன்னைப்போல இன்னொன்றைக் கண்டதும் சேர்ந்துகொள்ளும். கிடைப்பது வெள்ளை மெழுகு. எதிர்முனையில் ஒரு இரும்புக் கம்பி சும்மா நின்றால் போதும்.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூசை. ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட சரசு அக்கா, மின்கருவியின் ஒயர்களைக் கழற்றித் துடைத்து, இரண்டு முனைகளிலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தார். நேர்முனையின் சிவப்பு எது, எதிர்முனையின் கருப்பு எது என்று தெரியவில்லை. ஒயர்களோ இரண்டும் மஞ்சள். (என் கணவரின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஓசியில் வாங்கியவை.)

துடைக்கத் துணியை எடுத்தேன்.

"ஐயோ, பூசைப் பொட்டைத் தொடைக்காதீங்க கண்ணு. அதுவா உதிரோணும். இன்னிக்கு உங்குளுக்கு முக்கியமான நாளுங்க!" என்றார் அக்கா.

அறிவியல் படித்தவள்தான். ஆனால் ஆறு வருடம் தோற்றவள், கைக்கெட்டிய ஒரே தெய்வ உதவியைத் துணியால் துடைப்பாளா? துடைக்கவில்லை.

மின்சாரம் பாய்ந்தது. பிளாட்டினத்தில் நுரைத்துக்கொண்டு குமிழி வந்தது.

"பாருங்க சார், கார்பன் டை ஆக்சைடு!" என்றேன்.

அது ஹைட்ரஜன். ஒயர்கள் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தன; நேர்முனை இப்போது இரும்புக் கம்பி. அது தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது. அரை மணியில் திரவம் மஞ்சளானது, ஒரு மணியில் பழுப்பு, ஒன்றரை மணியில் சேறு. மூன்றையும் நேரத்தோடு குறித்துவைத்தேன். ஒரு முறையாவது ஒயரைப் பார்த்திருக்கலாம்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "மெழுகு எங்கீங்கம்மா? இது சைக்கிள் செயின் ஊறவெச்ச தண்ணியாட்ட இருக்குதுங்களே?"

கம்பியை வெளியே எடுத்தேன். உள்ளே விட்டபோது கம்பி, இப்போது கோணி ஊசி. அவர் அதைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குறிப்பு மட்டும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆறு மாசம் தர்றனுங்க. ஒரு வருசமெல்லாம் ஆகாது."

அந்த ஆறு மாதத்தின் கடைசி வாரத்தில் மெழுகும் வந்தது, பின்னால் பட்டமும் வந்தது. அந்தக் கம்பி கணவரின் கடையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதையும் மோட்டார்களோடு வரிசையில் வைத்து, சந்தனக் கிண்ணத்துடன் நிற்பார். "ஏனுங்க அம்மணி, இதுக்கு எந்த முனையில பொட்டு வெக்கட்டுங்க?" வேலையாட்கள் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அவர்களுக்கு அலுக்கவில்லை.

அன்று ஒயர்களைத் திரும்ப மாட்டியது நானா, சரசு அக்காவா? குறிப்பேட்டில் இல்லை. பணி ஓய்வு பெற்றுக் கிணத்துக்கடவில் இருக்கும் அக்காவிடம் போனில் கேட்டேன். "நானாத்தான் இருக்கும் கண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மழை பெய்யாததற்குக்கூட மன்னிப்புக் கேட்கிறவர் அவர். அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே, மாட்டியவர் யார் என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.