முன்சில்லுக்கு ஒன்று, பின்சில்லுக்கு ஒன்று

பார்க்கிங், லண்டன்
ஸ்னோ கரைந்த மறுநாள்

பாசம் மாறாத பெரியண்ணைக்கு,

தங்கச்சி இம்மாகுலேற் எழுதிக்கொள்வது. மடுமாதாவின் காவலால் நானும் இவரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் ஜெஸ்ரினும் சுகமாகத்தான் இருப்பீர்கள்; மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் படுக்கிறவர்களுக்கு என்ன குறை? இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தால் நீங்கள்தான் கதைப்பீர்கள், நான் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்துக்குள் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

போன வருடம் இவர் நாலு சில்லும் இழுக்கிற பெரிய ஜீப் ஒன்று வாங்கினார் அல்லவா? ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கக் கடைக்குப் போய்வர எதற்கு நாலு சில்லும் இழுக்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டேன். அது போதாதென்று உங்களிடம் வந்துபோன என் மூத்தவன் றொமேஷின் கையில் நீங்கள், ஸ்னோவில் வழுக்காமலிருக்க ரயருக்குச் சுற்றுகிற இரும்புச் சங்கிலி ஒரு சோடி அனுப்பிவைத்தீர்கள். பாரம் கூடிப்போனதால் அண்ணி எனக்கென்று கொடுத்த இரண்டு சேலையையும் எயார்போட்டில் வைத்தே உங்களிடம் திருப்பித் தந்துவிட்டு, அந்தப் பிள்ளை இரும்பைக் கொண்டுவந்து சேர்த்தான். அன்றிலிருந்து இவர் வானத்தைப் பார்த்தபடியே திரிந்தார். லண்டனில் ஸ்னோ வரக்கூடாது என்று சனம் வேண்டிக்கொள்ளும். வரவேண்டும் என்று செபித்த ஒரே மனிதர் இவர்தான்.

செபம் கேட்கப்பட்டது, அதுவும் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்து. நம்முடைய தங்கச்சியின் மகள் அஜித்தாவின் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் மோர்டன் கோவிலில் ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே என்னிடம் கேட்டுவைத்தவள் அவள். இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தும், எனக்கென்று ஒரு ஞானப்பிள்ளை இதுவரை இல்லை அண்ணை. வெள்ளைக் கவுனுக்கு லேஸ் தேடி நான் ஏறி இறங்காத கடை இல்லை. விடிய எழும்பி ஜன்னலைத் திறந்தால் தெருவில் ஸ்னோ. உங்கள் ஊர் ஸ்னோ என்று நினைத்துவிடாதீர்கள், புட்டுக்குத் தூவுகிற தேங்காய்ப்பூ அளவுதான். "ரெயினிலை போவம், ஒரு இடத்திலை மாறினாக் காணும்" என்றேன்.

"இஞ்சேர், ஃபோர் வீல் ட்றைவை வாசலிலை விட்டிட்டு ரெயினிலை போனா சனம் என்ன சொல்லும்?" என்றார்.

உடனே உங்களுக்கு வீடியோ கோல். உங்களுக்கு இன்னும் விடியவில்லை, என்றாலும் போர்வைக்குள் கிடந்தபடியே உபதேசத்தைத் தொடங்கினீர்கள். "மச்சான், முன்சில்லு ரண்டுக்கும் பூட்டும். அதுதானே திருப்புறது." அதோடு இவர் விட்டாரா? ஒஸ்லோவில் இருக்கிற தன் தம்பி நிர்மலனையும் கோலுக்குள் இழுத்தார். அவர், "விசரே அண்ணை? பின்சில்லுக்குப் போடுங்கோ, இல்லாட்டி வண்டி சுத்திப்போடும். நான் நோர்வேயிலை எத்தினை வரிசம் ஓடுறன்!" என்றார். "நோர்வே ஸ்னோவும் ஒரு ஸ்னோவோ?" என்று நீங்கள் கேட்டது நினைவிருக்கும். காஞ்சிபுரம் சேலையும், காலில் இவருடைய ரப்பர் பூட்ஸுமாக நான் போனைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் யாருடைய ஸ்னோ பெரிது என்று சண்டை பிடிக்கிறீர்கள். ஜீப்போடு வந்த புத்தகத்தைப் பாருங்கள் என்று சொன்னேன். புத்தகம் எழுதினவனுக்கு என்ன தெரியும், இவர்கள் ஸ்னோவுக்குள்ளேயே சீவிக்கிறவர்கள் என்றார் இவர்.

பிறகு செய்தாரே ஒரு வேலை. மச்சானையும் பகைக்க முடியாது, தம்பியையும் பகைக்க முடியாது என்று, ஒரு சங்கிலியை முன்னால் இடப்பக்கச் சில்லுக்கும் மற்றதைப் பின்னால் வலப்பக்கச் சில்லுக்கும் பூட்டினார். கோலை வெட்டிவிட்டு, உங்களைத் தனியாக எடுத்துக் கமராவில் முன்சில்லை மட்டும் காட்டினார், நிர்மலனைத் தனியாக எடுத்துப் பின்சில்லை மட்டும் காட்டினார். நீங்கள் இரண்டு பேரும் "ஆ, இப்ப சரி" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். சொந்தபந்தம் கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சங்கிலி பூட்டின ஜீப் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

தெரு முடியும்மட்டும் அது நொண்டி நொண்டிப் போனது. பெரிய வீதியில் ஏறினால் ஸ்னோ எங்கே? இரவே உப்புப் போட்டிருக்கிறார்கள், தார் கறுத்துப் பளபளவென்று கிடக்கிறது. வெறும் தாரில் இரும்பு அடித்த சத்தத்துக்கு வழியில் இருந்த நாய் எல்லாம் குரைத்தது. "பாத்தியே, என்ன பிடி பிடிக்குது!" என்று இவர் மகிழ்ந்துகொண்டிருந்தபோது சைக்கிளில் ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு போனார். பிளேஸ்டோவில் ஒரு பஸ் தரிப்புக்குக் கிட்ட வந்ததும், முன்சங்கிலி, அதாவது உங்களுடைய சங்கிலி, கழன்று அச்சில் சுற்றிக்கொண்டது. ஜீப் அசையவில்லை. பஸ்ஸுக்கு நின்ற பெடியளெல்லாம் போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து யார் வருகிறாள்? இவருடைய தங்கச்சி மேரிசாந்தி. பிளேஸ்டோவில்தானே அவளுடைய வீடு. வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆடி அசைந்து ஸ்டேஷனுக்கு நடந்து போகிறாள்.

"என்ன மச்சாள் நடுறோட்டிலை நிக்கிறியள்? வாங்கோ, ரெயினிலை போவம்."

அவளோடு ரெயினில் போவதா? எனக்கும் மானம் மரியாதை இருக்கிறது. "நீங்கள் போங்கோ, நாங்கள் ஜீப்பிலை முந்தி வந்திடுவம்" என்றேன்.

"அப்ப கவுனையாவது தாங்கோ, கொண்டு போறன்."

கொடுப்பேனா? மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் பக்கத்துக் கடையில் குறடு இரவல் வாங்கி, ஜீப்புக்குக் கீழே படுத்து, உங்கள் சங்கிலியை அறுத்து எடுத்து, நாங்கள் மோர்டன் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் சனம் கட்லட் தின்றுகொண்டிருந்தது. ஃபாதருக்கு அடுத்த பூசையாம், காத்திருக்க முடியாதாம். ஞானத்தாய் எங்கே என்று கேட்டாராம். மேரிசாந்தி எழும்பிப் போய் நின்றாளாம். கவுன் இல்லாத பிள்ளையை அவளுடைய சால்வையில் சுற்றித்தான் தண்ணீர் ஊற்றினார்களாம். "நான் சும்மா நிண்டனான் மச்சாள், கையிலை தந்திட்டினம்" என்று பிள்ளையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணை. கோவில் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். அந்தப் பிள்ளை வளர்ந்து அவளைத்தான் ஞானம்மா என்று கூப்பிடும்.

இதற்கு மேலே ஒரு கூத்து. உங்கள் மகள் ஜெஸ்ரினிடம் சொல்லி ஆறுவோம் என்று போன் எடுத்தால், "மாமி, ஹியர் நோபடி யூசஸ் செயின்ஸ், எல்லாரும் விண்டர் ரயர்தான். அப்பா லைஃபிலையே ஒருக்காலும் போட்டதில்லை" என்கிறாள். வாசல் ஸ்னோ தள்ளவும் ஆள் பிடித்துத்தான் வைத்திருக்கிறீர்களாம்! கையால் தொடாத சங்கிலிக்கு இத்தனை பிரசங்கமா? ஆகவே சொல்லிவைக்கிறேன்: இனி இவரோடு வாகனத்தைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. நிர்மலனுக்கும் இதே கட்டளைதான். அறுந்ததையும் அறாததையும் இந்தக் கிழமையே பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கப்போகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. ஜெஸ்ரினுக்கு முத்தம். உங்களுக்கு மாதா நல்ல சுகத்தையும் கொஞ்சம் மௌனத்தையும் தந்தருளட்டும்.

இப்படிக்கு,
ஞானத்தாய் ஆகாத தங்கச்சி,
இம்மாகுலேற்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரம் மேரிசாந்தி போன் எடுத்தாள். வருகிற ஞாயிறு அஜித்தா வீட்டில் பிள்ளைக்குக் காப்புப் போடுகிறார்களாம், ஞானத்தாய்தான் போடவேண்டுமாம், ஸ்னோவும் கொட்டுமாம். "பலகாரத் தட்டமெல்லாம் கிடக்கு மச்சாள், ரெயினிலை ஏலாது. அண்ணையோடை ஜீப்பிலை வரட்டே?" என்று கேட்டாள். "அதுக்கென்ன, தாராளமா வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். நானும் பிள்ளைக்கென்று ஒரு சோடி காப்பு முன்பே வாங்கி வைத்திருக்கிறேன். விடியவே தனியாக ரெயின் ஏறிக் காப்புப் போடுகிற நேரத்துக்குப் போய் நிற்பேன். ஆகவே மேலே எழுதினதைப் பெரிதாக எடுக்கவேண்டாம் அண்ணை. சங்கிலியைக் கொடுக்கவில்லை. அறுந்ததை இவர் கம்பி வைத்துக் கட்டி, எண்ணெய் பூசி வைத்திருக்கிறார். இதைக் கூரியரில் போடுகிறேன், ஞாயிறுக்கு முந்திக் கிடைத்துவிடும். ஞாயிறு காலை நீங்களும் நிர்மலனும் போனுக்குக் கிட்டவே இருங்கள். முன்சில்லோ பின்சில்லோ என்று இவருக்கு அவசரப்படாமல், ஆறுதலாக, முழுவதையும் விளக்கிச் சொல்லுங்கள்.