ஷிராமினே கீல் நிறுவனம் ஹெட்போன் தேர்ந்தெடுத்த வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததும் குழு அமைக்காமல் நடந்த காரியங்கள். அதனால்தான் அவற்றால் இன்றுவரை இத்தனை விபத்துகள். ஓடும்போது மாட்டிக்கொள்ளும் ஹெட்போனையும் அப்படிப் பொறுப்பில்லாமல் தேர்ந்தெடுக்க ஷிராமினே கதவுக்கீல் நிறுவனம் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு பேர், பதினோரு மாதம், இருபத்து மூன்று கூட்டங்கள். உலகத்தில் வேறெந்தக் கீல் நிறுவனமும் இந்தப் பெருமையில் பங்கு கேட்க முடியாது.

இந்த மகத்தான முயற்சிக்குக் காரணமானவர் பொது நிர்வாகப் பிரிவின் உதவித் தலைவர் குரெதானி. வயது நாற்பத்தெட்டு. வீட்டிலிருந்து அலுவலகம் வரை இருமா ஆற்றங்கரையோடு ஆறு கிலோமீட்டர். தினமும் காலையில் ஓடியே வருவார். கழிப்பறையில் உடம்பைத் துடைத்து, சட்டை மாற்றி, எட்டரைக்கெல்லாம் நாற்காலியில் இருப்பார். வீட்டில் மாமனாரின் தொலைக்காட்சிச் சத்தம். அலுவலகத்தில் பிரிவுத் தலைவர் மகாபேயின் சத்தம். அவரைப் பதவிப் பெயரால் 'புச்சோ' என்றே எல்லோரும் அழைப்பார்கள். இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் கிடைக்கும் நாற்பது நிமிடம் மட்டும் குரெதானியை யாரும் கூப்பிட முடியாது. அந்த நாற்பது நிமிடத்தை நம்பித்தான் அவர் மீதி நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் மாதம் ஒரு காலை. காதுக்குள் திணிக்கும் ஹெட்போனில் பாட்டுக் கேட்டபடி ஓடியவருக்குப் பின்னால் வந்த சைக்கிள் மணி கேட்கவில்லை. அவர்மேல் மோதாமல் ஒதுங்கப் போன ஓர் அம்மாள், சைக்கிளோடு நாணல் புதருக்குள் இறங்கிவிட்டார். அவருக்கு அடி எதுவும் இல்லை. கூடையில் இருந்த வெங்காயத்தாள் இரண்டு முறிந்து போயிற்று.

"எத்தன தடவ மணி அடிக்கிறது? காத என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்றார் அந்த அம்மாள்.

குரெதானி ஒன்பது முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பயற்றம் பூரணப் பலகாரம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பத்தாவது முறையும் கேட்டார். இதோடு விட்டிருக்கலாம். ஆனால் நேர்மையானவர், வேலைக்கு வரும் வழியில் நடந்தது என்பதால் 'பயணவழி நிகழ்வு அறிக்கை' எழுதினார். காதை அடைக்காமல், கன்ன எலும்பு வழியாகப் பாட்டை உள்ளே அனுப்பும் ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொள்ளப் போவதாகக் கடைசி வரியில் சேர்த்தார். வினை அந்த வரியில்தான் இருந்தது.

"குரெதானி-சான், நீங்களா போய் ஒண்ண வாங்குறீங்க. அது தப்பான சாமானா போயிடுச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று, பெயரோடு மரியாதைச் சொல்லான 'சான்' சேர்த்துக் கேட்டார் மகாபே.

"நான்தான் புச்சோ."

"பாத்தீங்களா! எல்லாத்துக்கும் நீங்களே பொறுப்புன்னா, அப்புறம் நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

இதற்குப் பதில் இருந்தது. ஆனால் குரெதானி இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், சொல்லவில்லை. அடுத்த வாரமே 'காதடைக்கா ஓட்டக் கருவித் தேர்வுக் குழு' உதயமானது. கருவி தேர்வாகும்வரை வேலைக்கு ஓடி வருவது 'தற்காலிகமாக' நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் குரெதானிக்கே கிடைத்தது. மறுநாள் முதல் அவர் ஏழு பன்னிரண்டு ரயிலில், முன்னால் நிற்பவரின் முதுகுப்பையில் மூக்கைப் பதித்தபடி வேலைக்கு வந்தார்.

முதல் கூட்டத்தில் தரப் பரிசோதனைப் பிரிவைச் சேர்ந்த இசோமுரா என்ற இளம்பெண் ஒரு கேள்வி கேட்டாள்.

"குரெதானி-சானைத் தவிர நம்மள்ல யாராவது ஓடுவாங்களா?"

எல்லோரும் தத்தம் தேநீரைக் கவனித்தார்கள்.

"ஓடாதவங்கதான் நடுநிலையா இருப்பாங்க," என்றார் மகாபே. குரெதானி அதை எழுதிக்கொண்டார்.

ஏழு கருவிகள் வரவழைக்கப்பட்டன. சோதித்துப் பார்க்க ஓட வேண்டும். ஆனால் வேலை நேரத்தில் ஓடுவது விதிகளுக்குப் புறம்பானது. ஆகவே உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மின்விசிறியை வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டி ஐந்து கிலோமீட்டர் 'ஓடினார்கள்'. பாட்டின் முரசுச் சத்தம் எலும்பில் அதிர்ந்ததில் கன்னம் கூசி, கணக்குப் பிரிவுக்காரர் கிளுகிளுவென்று சிரித்துவிட்டார். குறிப்பில் அது 'மனம் நெகிழ்ந்த வரவேற்பு' என்று பதிவானது. மூக்குக் கண்ணாடியின் காம்பும் முகக்கவசத்தின் கயிறும் ஏற்கெனவே குடியிருக்கும் காதில் மூன்றாவது ஆளுக்கு இடம் உண்டா என்பதில் மே மாதம் போனது. கருவிமேல் படப்போவது வியர்வையா மழையா என்பதில் ஜூன் போனது. பிறகு ஒரு கருவியைத் தேநீர் அறையின் கழுவும் தொட்டியில் முக்கிவைத்து, பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று கவலையோடு பார்த்தார்கள்.

இலையுதிர்காலம் முழுவதும் தலையைப் பற்றிய பேச்சிலேயே போனது. இந்த வகை ஹெட்போனின் பட்டை பின்மண்டையைச் சுற்றி வரும். நிர்வாக இயக்குநர் தாமும் ஒருமுறை மாட்டிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய தலைமுடி முளைத்ததா ஒட்டியதா என்று நிறுவனத்தில் யாருக்கும் தெரியாது. அதாவது எல்லோருக்கும் தெரியும். பட்டை இறுக்கமாக இருந்த நான்கு கருவிகள் 'பின்மண்டையின் கண்ணியத்துக்கு உகந்தவை அல்ல' என்று நிராகரிக்கப்பட்டன.

"இறுக்கமா இருக்கிறதுதானே நல்லது? இல்லன்னா அது பறந்துபோய் ஆத்துல விழுந்திடும்," என்று இசோமுரா குரெதானியின் காதோடு சொன்னாள். எது பறந்துபோய் என்று குரெதானி கேட்கவில்லை.

டிசம்பரில் குரெதானியின் பெல்ட் இரண்டு துளை தள்ளிப் போயிருந்தது. ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் பதினெட்டு நொடியில் அவர் முதுகுப்பையிலிருந்து மூக்கை எடுத்துக் கரையைப் பார்த்துக்கொள்வார். யாராவது ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அதை மட்டும் அவர் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை.

பிப்ரவரியில் கருவி தேர்வானது. எடை இருபத்தாறு கிராம். பட்டை மயிலிறகு போல. எல்லோரும் கைதட்டினார்கள். குரெதானிக்குக் கண் கலங்கியது. நாளையே ஓடலாம் என்று மனத்துக்குள் காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அப்போது மகாபே தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன யோசனை. இதுல காது திறந்துதானே இருக்கும்?"

"ஆமா புச்சோ. அதுதானே இதோட சிறப்பே."

"மைக்கும் இருக்குல்ல?"

"இருக்கு..." அதைக் குறிப்பில் எழுதியதே குரெதானிதான்.

"அப்ப ஓடிக்கிட்டே காலைக் கூட்டத்துல கலந்துக்கலாமே! சைக்கிள் மணி காது வழியா வரட்டும், நான் எலும்பு வழியா வர்றேன்."

"ஓடும்போது மூச்சு வாங்கும் புச்சோ, பேச வராது."

"உங்கள யாரு பேசச் சொன்னது? கேட்டாப் போதும்."

'ஓட்டக் காலைக் கூட்டம்' பற்றிய கோப்பு மேசை மேசையாகச் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தம் கட்டத்தில் பெயர் முத்திரை வைக்க வேண்டும். ஷிராமினேயில் யாரும் முத்திரையை நேராக வைப்பதில்லை. மேலதிகாரியின் கட்டம் இடப்பக்கம் இருப்பதால், முத்திரையை இடப்பக்கமாகச் சாய்த்து, அது அவரைப் பார்த்துக் குனிவதுபோல் வைப்பார்கள். குரெதானி இருபத்தைந்து வருடமாகப் பதினைந்து டிகிரி குனிந்துவந்தவர்.

"பிடிக்கலன்னா நேராப் போய்ச் சொல்லிடுங்களேன்," என்றாள் இசோமுரா.

"சொல்லத்தான் போறேன்."

"எப்போ?"

"முத்திரையில."

அந்தக் காலத்தில், மனம் ஒப்பாமல் சம்மதிப்பவர்கள் முத்திரையைத் தலைகீழாகக் குத்துவார்களாம். சம்மதித்த மாதிரியும் ஆயிற்று, எதிர்த்த மாதிரியும் ஆயிற்று. குரெதானி கதவைச் சாத்தினார். முத்திரையைத் திருப்பிப் பிடித்தார். குத்திவிட்டார். அன்று மாலை ரயிலில் அவர் நிமிர்ந்து நின்றார். முன்னால் இருந்தவரின் முதுகுப்பைதான் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது.

மறுநாள் காலை மகாபே கோப்பைத் தூக்கிப் பிடித்தபடி பிரிவின் நடுவே வந்து நின்றார். அவர் குரல் தழுதழுத்தது.

"எல்லாரும் இதப் பாருங்க! நாமல்லாம் பத்து டிகிரி, பதினஞ்சு டிகிரி குனியிறோம். நம்ம குரெதானி-சான் தல தரையில படுற மாதிரி குனிஞ்சிருக்காரு! என் சர்வீஸ்ல இப்படி ஒரு பணிவ நான் பாத்ததில்ல!"

பிரிவே எழுந்து நின்று கைதட்டியது. குரெதானி வாயைத் திறந்தார்.

"அவ்வளவெல்லாம் இல்ல புச்சோ," என்றார்.

அந்த வார முடிவுக்குள் எல்லோருமே தலைகீழாகக் குத்தத் தொடங்கிவிட்டார்கள். காபி இயந்திரத்தின் பக்கத்தில் இசோமுரா அவரைப் பிடித்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பாராட்டினாங்க."

மார்ச் மாதம் ஒரு காலை, பதினோரு மாதத்துக்குப் பிறகு குரெதானி ஆற்றங்கரையில் கால் வைத்தார். கருவி குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. நாணல் உரசுவது கேட்டது. பின்னால் சைக்கிள் மணி கேட்டது, ஒதுங்கி வழிவிட்டார். அதே அம்மாள்தான், கூடையில் வெங்காயத்தாளோடு. "இப்பதான் காது வீட்டுக்குத் திரும்பி வந்திருக்குபோல!" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் ஒரு வானம்பாடி நிறுத்தாமல் பாடியது. கன்ன எலும்பில் மகாபே சென்ற காலாண்டின் கீல் விற்பனையை ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று வாசிப்பு நின்றது.

"குரெதானி-சான், அங்க யாரு விசில் அடிக்கிறது?"

"பறவை புச்சோ. வானம்பாடி."

"இங்க பன்னெண்டாவது பக்கம் ஓடிட்டிருக்கு, ஒண்ணும் புரியல. அதக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

குரெதானி நின்றார். வானம் நீலமாக, அகலமாக, யாருடைய பிரிவிலும் சேராமல் இருந்தது. கருவியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் மகாபே மறைந்துவிடுவார். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்தில் மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆறாவது கூட்டத்தின் குறிப்பில் படம் போட்டு விளக்கியிருந்தார்.

அந்த ஒரு மனிதரின் இரண்டு காதையும் திறந்துவைக்கப் பன்னிரண்டு பேர் பதினோரு மாதம் உழைத்திருந்தார்கள். வாயைத் திறக்கும் வேலையை மட்டும் அவரிடமே விட்டிருந்தார்கள். அவரும் அதைத் திறந்தார். வானத்தைப் பார்த்து முதுகை வளைத்து, பதினைந்து டிகிரி குனிந்தார்.

"மன்னிக்கணும்," என்றார் வானம்பாடியிடம், "கூட்டம் நடந்துட்டிருக்கு."