தலை அசையாத் தொண்டர்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்கு இத்தனை காலமும் தடையாக இருந்தது கழுத்துதான். இந்த உண்மையை உலகுக்கு உணர்த்திய பெருமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் மாடியைச் சேரும்.

அங்கே ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் ஒரு கேமரா. தலை திரைக்கு நேராக இருந்தால் 'கவனம்'. கொஞ்சம் சாய்ந்தாலும் 'கவனக்குறைவு' என்று கீச்சிட்டு மேலாளரைக் கூப்பிடும். கண் திறந்திருக்கிறதா என்பது அதன் இலாகாவில் வராது.

விபத்துப் படங்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா இந்த நெறியை உயிரினும் மேலாக ஓம்பினார். பரிசாகத் தலைவலி வந்தது. பின்மண்டையில் கிளம்பிப் புருவத்தில் குடியேறியது. பின்னாலேயே தலைசுற்றல்.

"ஏங்க, எதுக்கு சுவத்தப் புடிச்சிட்டு நடக்குறீங்க?" என்றாள் மனைவி.

"அதுதான் ஆடுது. நான் நிறுத்திப் பாக்குறேன்."

"அது ஆடட்டும். நீங்க டாக்டர்கிட்ட கிளம்புங்க."

மருத்துவர் கழுத்தை அழுத்தினார். குமாஸ்தா அலறினார்.

"எலும்பு தேஞ்சிருக்கு. தசை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. டென்ஷன் வேற. ரெண்டு வாரம் லீவு போடுங்க. இல்லேன்னா எங்கயாவது மயங்கிடுவீங்க." கழுத்துக்கு ஒரு பட்டையும் மாட்டி அனுப்பினார்.

விடுப்பு கேட்க அலுவலகம் போனார். மேலாளர் மதியம்தான் கிடைப்பார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பட்டையோடு வேலை பார்த்தார் குமாஸ்தா. வினை அங்கேதான் தொடங்கியது.

"சார்! உங்க கவனம் இன்னிக்கு நூத்துக்கு நூறு!" என்று மதியம் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார் மேலாளர்.

"பட்டை சார். தலையத் திருப்ப முடியல. அதான் லீவு..."

"அந்தத் திருப்ப முடியாத தலையத்தான சார் நாங்க இத்தன வருஷமா தேடிட்டிருந்தோம்!"

"டாக்டர் சொன்னாரு..."

"டாக்டருக்குக் கழுத்து தெரியும். கவனம் தெரியுமா? லீவு வேண்டாம், சரிதானே?"

குமாஸ்தா முடியாதென்று தலையாட்டப் பார்த்தார். பட்டை விடவில்லை. மேலாளர் மௌனத்தைச் சம்மதமாக ஏற்றுக்கொண்டார்.

மறுவாரமே மாடி முழுக்கப் பட்டை வழங்கப்பட்டது. திட்டத்தின் பெயர் 'ஊழியர் நலம்'. முன்னோடியான குமாஸ்தாவுக்குக் கேடயம் தந்தார்கள். குனிந்து வாங்க முடியாததால் மடியில் வைத்தார்கள்.

கேடயத்தோடு நாற்காலியில் இருந்தபடியே அன்று அவர் மயங்கிப்போனார். பட்டை தாங்கியதால் தலை அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் பட்டை போட்டிருந்ததால் திரும்பவில்லை. சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லையே என்று பதறி மனைவி வந்து சேர்ந்தாள்.

"ஐயோ, பேச்சு மூச்சே இல்லையே! இத்தன பேரு இருந்தும் ஒருத்தர்கூடப் பாக்கலையா?"

பட்டையைப் பிய்த்து எறிந்தாள். அவர் தலை அவள் தோளில் சரிந்தது. கேமரா கீச்சிட்டது.

மேலாளர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க! இவ்வளவு நேரம் நல்லாத்தான இருந்தாரு!"