சிவப்பு டப்பா, பச்சை டப்பா

"இது பச்சைப்பா" என்று சொல்லி, பாலகுமார் அப்போதுதான் சிவப்பு டப்பாவில் போட்ட பொத்தானை எடுத்துப் பச்சை டப்பாவுக்கு மாற்றினாள் தாரணி.

பாலகுமார் அதை எடுத்து மறுபடியும் சிவப்பு டப்பாவில் போட்டான்.

"சிவப்புடா கண்ணு. எங்க, அப்பாகூடச் சேந்து சொல்லு. சி... வப்பு."

"பச்சை."

ஒரு வாரமாக இதே கதைதான். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு இந்த மாதம் பொருள்களை நிறம் பார்த்துப் பிரித்து எண்ணக் கற்றுக்கொடுக்கிறோம், வீட்டிலும் பழக்குங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. அவன் மனைவி சௌம்யா ஆபீஸ் பயிற்சிக்காகப் புனே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போ" என்று அவனேதான் வாயைக் கொடுத்தான். கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். நாலு வயசுக் குழந்தைக்கு நிறம் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா?

வீட்டுக்குப் பக்கத்தில் சிவாஜிநகர்த் தையல் சாமான் கடையில் கலந்துகட்டிப் பொத்தான் வாங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வேலைதான் என்று.

"சரி, கலர விடு. சிவப்பு டப்பால எத்தன இருக்கு? எண்ணு பாக்கலாம்."

தாரணி டப்பாவிலிருந்து சிலதைப் பொறுக்கித் தள்ளி வைத்துவிட்டு, மிச்சத்தை விரல் வைத்து எண்ணினாள்.

"ஆறு."

பாலகுமார் எண்ணினான். பத்து. நிறம் மட்டுமில்லை, எண்ணவும் வரவில்லை!

பொத்தான் போரடித்திருக்கும் என்று நினைத்து அடுத்த நாள் கலர் மிட்டாய் வாங்கினான். சரியாகப் பிரித்தால் தாரணிக்கு, தப்பாகப் பிரித்தால் அப்பாவுக்கு என்று விதி போட்டான். விதியின்படி முக்கால் பாக்கெட் அவன் வயிற்றுக்குள் போனது. சாயங்கால மீட்டிங் முழுக்க மைக்கை அணைத்து அணைத்து ஏப்பம் விட்டான். மிட்டாய் போச்சே என்று குழந்தை அழவாவது செய்தாளா? இல்லை. அவன் ஒவ்வொன்றாக வாயில் போடுவதை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொறுமை போய்விட்டது.

"எத்தன வாட்டி சொல்றது? சிவப்புன்னா சிவப்பு!" என்று கத்திக் கையை வீசியதில் டப்பா கவிழ்ந்து பொத்தான்கள் கட்டிலுக்கடியில் ஓடின. தாரணி தவழ்ந்து போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தாள். அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அவசரப்படாதப்பா. மெதுவா. நல்லாப் பாரு."

தப்புப் பண்ணும்போதும் என்ன ஒரு தைரியம்! எல்லாம் அவள் அம்மா வீட்டு ரத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

வீடியோவில் கூப்பிட்ட சௌம்யாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"என்னங்க சொல்றீங்க? எங்கிட்ட எல்லாக் கலரும் டக்டக்னு சொல்வாளே!"

"அது அப்ப. இப்ப போயிடுச்சு."

"கலர் எங்கங்க போகும்?"

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்ததும் இணையத்தில் தேடினான். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியுமாம். பிறவியிலேயே வருவதாம். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரிவதில்லையாம்.

தாரணி தரையில் கவிழ்ந்து படுத்து மரத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன முதுகைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கே தெரியாத ஒன்றைச் சரியாகச் சொல்லவில்லை என்றா குழந்தையிடம் கத்தினோம்? அவள் பார்க்கிற உலகம் எப்படி இருக்குமோ, நமக்கென்ன தெரியும்? பக்கத்தில் போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"பரவால்லப்பா, நாளைக்குப் பண்ணலாம்" என்றாள் தாரணி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் பொத்தான் டப்பாக்களை எடுத்து மூடி வைத்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பொத்தான் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு பிரேசர் டவுனில் இருந்த பள்ளிக்கூடத்துக்கே போனான். தாரணியின் வகுப்பு டீச்சர் பெர்னதெத் மிஸ் ஆபீஸ் அறைக்கு வந்தாள்.

"ஸ்வல்ப உக்காருங்க சார். என்ன, முகமே வாடியிருக்கு?" என்றாள் கன்னடம் கலந்த தமிழில்.

பாலகுமார் எல்லாவற்றையும் கொட்டினான். "அவ கண்ணுல கோளாறு மிஸ். எந்த டாக்டர்கிட்டப் போகணும்னு நீங்கதான் சொல்லணும். தயவுசெஞ்சு கிளாஸ்ல யாரும் அவளக் கிண்டல் பண்ணாமப் பாத்துக்கங்க."

"இருங்க சார். அந்த டப்பாவக் குடுங்க."

மிஸ் இரண்டு மூடிகளையும் திறந்தாள். உள்ளே பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் உள்ளே பார்த்தாள்.

"இதப் பிரிச்சது யாரு?"

"நான்தான். பாத்துக் கத்துக்கட்டும்னு. அப்படியும் அவளுக்கு..."

மிஸ் சிவப்பு டப்பாவிலிருந்து இரண்டு பொத்தான்களை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது ரெண்டும் என்ன கலர் சார்?"

"ரெண்டும் சிவப்பு."

மிஸ் மெல்ல விரல்களை மூடிக்கொண்டாள். அடுத்த அறையில் பிள்ளைகள் சேர்ந்து எண்ணும் சத்தம் கேட்டது.

"டாக்டர்கிட்டப் போகணுமா மிஸ்?"

"போயிட்டு வாங்க சார், நீங்க மட்டும் போனாப் போதும். தாரணி போன வாரமே எங்கிட்ட வந்து சொல்லிட்டா, நான்தான் வெளையாட்டுன்னு விட்டுட்டேன்: 'எங்கப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் இன்னும் வரல மிஸ், பாவம், நான்தான் தினமும் உக்காத்தி வெச்சு சொல்லிக் குடுக்கறேன்.'"