பூனைக்கு வேண்டிய அமைதி

பெப்பே மறுபடியும் குளியலறைத் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. மூத்திரம் சொட்டுகூட வரவில்லை. கதவோரம் நின்று பார்த்த நூன்சியோவுக்குத் தன் அடிவயிறே வலிப்பது போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் பேச்சைக் கடைசிவரை கேட்ட ஒரே ஜீவன் அந்தப் பூனைதான்.

டாக்டர் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்தார்.

"கிருமி இல்ல, கல்லும் இல்ல. பதற்றம்தான். ஆண் பூனைக்கு மனசு சரியில்லன்னா வழி அடைச்சுக்கும். வீட்டுல ஏதாவது தொந்தரவு உண்டா?"

"இருந்துச்சு டாக்டர். போன மாசம்தான் அனுப்பி வெச்சேன்."

தொந்தரவின் பெயர் சாரோ. மனைவி ரொசால்பாவின் தம்பி. இரண்டு வருஷம் சோபாவை விட்டு எழாமல், டிவியில் கால்பந்து ஓடும்போதெல்லாம் நடுவரின் குடும்பத்தைத் தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தவன். அவன் கத்திய கத்தல்தான் பூனையின் மூத்திரப்பையில் இறங்கியிருக்கிறது என்றான் நூன்சியோ. டாக்டரும் தலையாட்டி, வீட்டை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நூன்சியோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து டிவிக்கு வாய் கட்டப்பட்டது. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, காய்கறிக்காரனோடு உரக்கப் பேரம் பேசும் ரொசால்பா மூன்று மாடி இறங்கிப் போய் முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த பெரியப்பா, பாஸ்தாவில் உப்பு குறைவு என்பதைக் கையாலேயே சொன்னார். பாதிப் பேச்சைக் கையாலேயே பேசிப் பழகிய சிசிலிக்காரர் என்பதால் சிரமமில்லை. அதைச் சமைத்தவளைப் பற்றியும் கையாலேயே இரண்டு வார்த்தை சேர்த்தார்.

பெப்பே அலமாரிக்கு அடியில் போய்ப் பதுங்கியது. ஒருநாள் வெளியே வந்து கல்யாண மேசைவிரிப்பின் மேல் ரத்தச் சொட்டாகப் போய்வைத்தது. இன்னும் எங்கோ சத்தம் இருக்கிறது என்று முடிவுகட்டிய நூன்சியோ சுவர்க்கடிகாரத்தையும் நிறுத்தினான். மறுநாளே பூனைக்கு முழுதாக அடைத்துக்கொண்டது.

"வீடா இது, கல்லறை," என்று ரொசால்பா கிசுகிசுத்தாள். சத்தமில்லாமல் அழுது அவளுக்குப் பழக்கமில்லை. விக்கல் வந்துவிட்டது.

டாக்டர் மறுபடி குழாய் விட்டார். "சாயங்காலத்துக்குள்ள தானா போகலன்னா ஆபரேஷன்தான். தாங்குமான்னு சொல்ல முடியாது."

வீட்டுக்குப் போகும் குறுக்கு வழி மீன் சந்தைக்குள் நுழைந்து போனது. வாள்மீன் விற்பவனும் கணவாய் விற்பவனும் போட்டி போட்டுக் கத்தினார்கள். பூனைக் கூண்டை நெஞ்சோடு அணைத்து, சத்தம் உள்ளே போகாதபடி மேலே தன் கோட்டைப் போர்த்தி ஓடினான் நூன்சியோ. பின்னாலேயே ரொசால்பாவும் ஓடினாள். பாதிச் சந்தையில் வயிற்றருகே வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கால்சட்டை நனைய நின்று அவன் அழுதான். சந்தோஷத்தில்தான். அது சுற்றியிருந்தவர்களுக்குத் தெரியாததால் வழிவிட்டு விலகி நின்றார்கள்.

கோட்டை விலக்கிப் பார்த்தால் பெப்பே காலை நீட்டிச் சொகுசாகப் படுத்திருந்தது.

"அட, நம்ம பய," என்றான் மீன்கடை ஒராசியோ. அவன் மேசைக்கு அடியில் பிறந்த குட்டியைத்தான் ரொசால்பா எடுத்து வளர்த்தாள். ஒரு மாசக் கதையை அவள் ஆசைதீர உரத்த குரலில் சொல்லி முடித்தாள்.

ஒராசியோ கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"எங்க சந்தையில சத்தம் நின்னா ஒரே அர்த்தம்தாங்க்கா, முனிசிபாலிட்டிக்காரன் ரெய்டுக்கு வந்துட்டான். ஆளுங்க ஓடுவாங்க, பூனைங்க பதுங்கிக்கும். பாவம், இவன் ஒரு மாசமா பதுங்கிக் கெடக்கான். நல்லாக் கத்திப் பேசற சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வந்து வீட்டோட வெச்சுக்கோங்க."